தரையில் உட்காராதீங்க என்கிறார் மருத்துவர்

“இனிமே தரையில உட்காராதீங்கம்மா. குந்தி உட்காரவே கூடாது.”

மருத்துவர் இப்படிச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். தான் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லையே என்று அவருக்குக் குழப்பம். அம்மா ஏன் சிரித்தார் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு 57 வயது. காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சேரியில் பிறந்து இன்னொரு சேரியில் வாழ்க்கைப்பட்டவர். 14 வயதில் நடவுக்கு இறங்கினார். நாற்றுப் பறிக்க, நட, களை எடுக்க, கதிர் அறுக்க, கட்டுத் தூக்க, உளுந்து பிடுங்க, பருத்தி எடுக்க என்று 40 ஆண்டுகளுக்கு மேல் அவர் செய்த எந்த வேலைக்கும் நாற்காலி கிடையாது. வேலை முடிந்து கூலிக்காகப் பண்ணை வீட்டு வாசலில் காத்திருக்கும்போதும் தரைதான். அந்த வீட்டுத் திண்ணையில் ஒருநாளும் அவர் உட்கார்ந்ததில்லை. என் பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தும் கதவோரமாகத் தரையில்தான் உட்கார்ந்தார். இப்போது படித்த மனிதர் ஒருவர், தரையில் உட்காரவே கூடாது என்று உத்தரவு போடுகிறார். சிரிக்காமல் என்ன செய்வார்?

சிரித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். “அப்ப களை எடுக்கறது எப்படிங்க சார்?”

“அந்த வேலைக்கெல்லாம் போகாதீங்க. ரெஸ்ட் எடுங்க.”

மருத்துவர் சொன்னதில் மருத்துவப் பிழை எதுவும் இல்லை. தேய்ந்த முழங்காலுக்கு அது சரியான ஆலோசனைதான். ஆனால் அந்த ஆலோசனையைப் பின்பற்றுவதற்கு ஒரு வாழ்க்கை வேண்டும். அந்த வாழ்க்கையை யாருக்குச் சாதி அனுமதித்திருக்கிறது, யாருக்கு மறுத்திருக்கிறது என்பதைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

மூன்று கடைகள்

நாங்கள் போனது நகரத்துத் தனியார் மருத்துவமனை. அதற்கு முன்பே அம்மா இரண்டு ஆண்டுகளாக “வைத்தியம்” பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. ஊர்க் கடைத்தெருவில் மருந்துக்கடையில் “முட்டி வலிக்கு ஒரு செட்டு குடுங்க” என்றால் வண்ண வண்ணமாக நாலைந்து மாத்திரைகளைத் தாளில் மடித்துத் தருவார்கள். போட்டால் அன்றைக்கு வயலில் இறங்கலாம். அதில் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் இருந்திருக்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளில் அம்மாவின் முகம் உப்பியிருந்தது. “மகள் படிச்சு வேலைக்குப் போகப்போறா, ஆத்தா சதை போட்டுட்டா” என்று தெருவில் கிண்டல் செய்தார்கள். நானும் அதைப் பூரிப்பு என்றே நினைத்தேன். மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்னபோதுதான் அந்த உப்பலின் ஒரு பகுதி மாத்திரை கொடுத்தது என்று புரிந்தது.

உணவு ஆலோசகர் ஓர் அச்சிட்ட தாளைக் கொடுத்தார். ஓட்ஸ், பாதாம், பன்னீர், பழச்சாலட். எங்கள் வீட்டில் ரேஷன் அரிசியும், கிடைத்தால் கருவாடும், ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறியும்தான். “சார்ட்ல கறி ஒண்ணும் இல்லையே, மாட்டுக்கறி தின்னலாமாம்மா?” என்று அம்மா கேட்டார். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஏழைகளுக்குக் கைக்கெட்டும் விலையில் கிடைக்கும் புரதத்தைத் தாளில் எழுதக்கூட ஒரு படிப்புக்குக் கூச்சமாக இருக்கிறது.

பிறகு விலைப்பட்டியல் வந்தது. முதலில் ஜெல் ஊசி. அடுத்தது, நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி முட்டிக்குள் போடும் பிஆர்பி ஊசி. இரண்டும் போட்டால் “அறுவைச் சிகிச்சையை அஞ்சு வருஷம் தள்ளிப்போடலாம்” என்றார்கள். இல்லையென்றால் மூட்டையே மாற்றிவிடலாம். ஊசிகளுக்கு மட்டும் சில பத்தாயிரங்கள். எனக்கு ஆய்வு உதவித்தொகை ஐந்து மாதமாக வரவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம். அன்று கையில் காசு இருந்திருந்தால் கட்டியிருப்பேன்.

முழங்காலைப் படித்தேன்

நான் மருத்துவர் இல்லை. என் ஆய்வு விவசாயக் கூலி உழைப்பைப் பற்றியது. ஆனால் பல்கலைக்கழக நூலகம் வழியாக மருத்துவ இதழ்களைக் காசில்லாமல் படிக்க முடியும். இரண்டு வாரம் ஆய்வேட்டை மூடிவைத்துவிட்டு முழங்காலைப் படித்தேன். படித்ததை உங்களிடம் சொல்வது என் கடமை. உங்கள் வீட்டிலும் ஒரு முழங்கால் வலித்துக்கொண்டிருக்கும்.

எலும்பு முனைகளில் வழுவழுப்பாகப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் ரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. நடக்கும்போது அழுந்தி, காலைத் தூக்கும்போது விரிந்து, பஞ்சு மாதிரி அது உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் அசையாமல் கிடப்பது முழங்காலுக்கு நல்லதில்லை. குந்தியபடி மணிக்கணக்கில் இருப்பதும், அப்படியே பாரத்தோடு எழுவதும் நல்லதில்லை. தேய்ந்ததை முழுதாகத் திரும்ப வளர்க்கும் மாத்திரையோ ஊசியோ இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. “குருத்தெலும்பு வளரும்” என்று யார் விற்றாலும் எச்சரிக்கையாக இருங்கள்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வு முக்கியமானது. மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரில் சிலருக்கு மூட்டுக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுரண்டினார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் வலியில் வித்தியாசம் இல்லை. பிஆர்பி ஊசிக்கும் அப்படி ஒரு சோதனை ஆஸ்திரேலியாவில் நடந்து 2021இல் வெளியானது. 288 பேரில் பாதிப் பேருக்கு அந்த ஊசி, மீதிப் பேருக்கு உப்புநீர். ஓராண்டு கழித்து வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஜெல் ஊசி வேண்டாம், குளுக்கோசமின் வேண்டாம் என்கிறது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு மட்டுமே தாங்கும், மற்றவை உதவாதபோது பார்க்கலாம் என்கிறது. அப்படியானால் முதல் மருத்துவம் எது? தொடைத் தசையை வலுவாக்கும் உடற்பயிற்சி. தேவைப்பட்டால் எடைக் குறைப்பு. வலிக்கு முதலில் மேலே தடவும் வலி நிவாரண ஜெல். அது போதாதபோது மட்டும், வயிற்றையும் சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்துக்கொண்டு, குறைந்த அளவில் குறைந்த காலத்துக்கு மாத்திரை. 1 கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது என்று 2005இல் அமெரிக்காவில் அளந்து சொன்னார்கள். கால் வில்லாக வளைந்து ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தவர்களுக்கு, குறிப்பாக வயது குறைந்த உழைப்பாளிகளுக்கு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பை வெட்டி நேராக்கிப் பாரத்தை மறுபக்கம் மாற்றும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. அது மூட்டு மாற்றுவதைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம். எங்களுக்கு அதை யாரும் சொல்லவே இல்லை.

கவனியுங்கள். பலன் நிரூபிக்கப்பட்ட முதல்கட்ட மருத்துவம் எல்லாம் விலை மலிவு. விலை அதிகமானவற்றில் பல நிரூபிக்கப்படாதவை. மலிவானதை விற்க ஆளில்லை.

யாருடைய முழங்கால்?

“மூட்டுவலி எல்லோருக்கும்தான் வருகிறது, இதிலும் சாதியா?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. வயது, பரம்பரை, பழைய அடி, எடை எல்லாமே காரணங்கள்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. மாடி வீட்டுப் பெண்களுக்கும் வருகிறது. அதை மறுக்கவில்லை.

ஆனால் தினமும் குந்தியும் மண்டியிட்டும் பாரம் தூக்கியும் வேலை செய்கிறவர்களுக்கு முழங்கால் தேய்மான ஆபத்து கூடுதல் என்பதும் பல நாட்டு ஆய்வுகளில் நிலைநாட்டப்பட்டது. பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் முழங்கால் தேய்மானம் 2009இல் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பிறகு தரைவிரிப்புப் பதிக்கும் தொழிலாளர்களும் சேர்க்கப்பட்டார்கள். நம் நாட்டுத் தொழில்நோய்ப் பட்டியலில் ஈய நச்சு உண்டு, சிலிக்கா தூசி தரும் நுரையீரல் நோய் உண்டு. நாற்று நட்டும் களை எடுத்தும் தேய்ந்த முழங்கால் இல்லை. செங்கல் சூளையில் குந்தியபடி கல் அறுக்கும் முழங்கால் இல்லை. தெருவில் குனிந்து குப்பை அள்ளும் முழங்கால் இல்லை.

இந்த நாட்டில் குந்தி உட்கார்ந்து செய்யும் வேலைகள் யாருக்கு ஒதுக்கப்பட்டன? சாதி வேலையைப் பிரித்ததோடு நிற்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே படிப்படியாக அடுக்கியது என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். அந்த அடுக்கில் உயரத்தில் இருப்பவருக்கு நாற்காலியும் கீழே இருப்பவருக்குத் தரையும் என்பது வெறும் உவமை இல்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் நாடெங்கும் பரவியது நினைவிருக்கும். அந்தப் படத்தை நாம் அவமானமாக மட்டும் பார்த்தோம். தரை என்பது அவமானம் மட்டும் இல்லை, அது உடம்பில் இறங்குகிறது. 40 ஆண்டு கழித்து எக்ஸ்ரேயில் தெரிகிறது.

இதைச் சொல்லும்போது என்னையும் சேர்த்தே குற்றம் சொல்ல வேண்டும். கூலி உழைப்பைப் பற்றி இத்தனை பக்கங்கள் எழுதியிருக்கிறேன். கூலி விகிதம், வேலை நாட்கள், நடவு இயந்திரம் வந்த ஆண்டு எல்லாம் அதில் இருக்கிறது. படியில் ஒவ்வொரு காலாக இறங்கிக்கொண்டிருந்த அம்மாவின் முட்டி அதில் ஒரு வரியில்கூட இல்லை.

தள்ளிப்போடுவதும் தள்ளிவைக்கப்படுவதும்

மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையை முடிந்தவரை தள்ளிப்போடுவது நல்லது என்பார்கள். காரணம் இருக்கிறது. செயற்கை மூட்டுக்கும் ஆயுள் உண்டு. 2019இல் தேசியப் பதிவேடுகளைத் தொகுத்துப் பார்த்ததில் 100க்கு 82 மூட்டுகள் 25 ஆண்டு தாங்கின. ஆனால் இளம் வயதில் மாற்றினால் மறுபடி மாற்ற வேண்டி வரலாம். பிரிட்டன் கணக்கில் 70 வயதுக்கு மேல் மாற்றிக்கொண்டவர்களில் வாழ்நாளில் இரண்டாவது அறுவைச் சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு 100க்கு 5 அளவில்தான். 50களின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கு அது 100க்கு 35. பெண்களுக்கு அதைவிடக் குறைவு.

ஆகவே தள்ளிப்போடுவது ஒரு மருத்துவம். ஆனால் வசதி உள்ளவர் தள்ளிப்போடும்போது அவருக்கு வாரம் மூன்று நாள் இயன்முறைச் சிகிச்சை நடக்கிறது. வீட்டில் உயரமான கழிப்பறை, கார், நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. எங்கள் தெருவில் தள்ளிப்போடுவது என்றால் செட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாளும் வயலில் குந்துவது. முதலாமவர் தள்ளிப்போடுகிறார். இவர் தள்ளிவைக்கப்படுகிறார். அப்படியே பத்தாண்டு போனால் தசை சூம்பி, கால் வளைந்து, அதன்பிறகு அறுவைச் சிகிச்சை செய்தாலும் முழுப் பலன் கிடைப்பதில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நம் தெருக்களில் “ஆபரேஷன் பண்ணா படுத்த படுக்கைதான்” என்ற பயம் இருக்கிறது. அது உண்மையில்லை. நடக்க முடியாமல், இரவில் தூங்க முடியாமல், மற்ற வழிகள் எல்லாம் முயன்றும் வலி தீராதவர்களுக்கு மூட்டு மாற்று நல்ல பலன் தரும் சிகிச்சை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அது உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செய்கிறார்கள். காசு கட்டிச் செய்தாலும், ஒன்றிய அரசு 2017 ஆகஸ்டில் செயற்கை மூட்டுக்கு விலை உச்சவரம்பு வைத்தது. அதுவரை சராசரியாக 1,58,000 ரூபாய்க்கு மேல் விற்ற, அதிகம் பயன்படும் வகை மூட்டு 54,720 ரூபாயாகவும் வரியாகவும் இறங்கியது. அந்த வித்தியாசம் அதுவரை யார் பைக்குப் போனது என்று யோசியுங்கள். எடை அதிகம், வயது குறைவு என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி ஒருவருக்கு அறுவைச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பதும் அதே நைஸ் வழிகாட்டுதலில் இருக்கிறது.

காப்பீடு மருத்துவமனைச் செலவைக் கட்டும். அதன்பிறகு இரண்டு மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாதே, அந்தக் கூலியை யார் கட்டுவது? மாற்றிய மூட்டோடு வயலில் குந்தவும் முடியாது. அப்புறம் என்ன வேலை? எங்கள் தெருவில் பலர் அறுவைச் சிகிச்சைக்குப் பயப்படுவதாகச் சொல்வது உண்மையில் இந்த இரண்டு கேள்விகளுக்குத்தான்.

கேட்க வேண்டியவை

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது. நல்ல திட்டம். எங்கள் வட்டாரத்துக்கு வருபவர் ஒரே ஒருவர். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கவே அவருக்கு நாள் போதவில்லை. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குறிப்பிட்ட நாட்களில், கூலி வேலை முடிந்த நேரத்தில், முழங்கால் பயிற்சி சொல்லித்தர ஆள் வேண்டும் என்று கேட்போம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு நாற்காலியும் ஒரு பாயும் போதும்.

விவசாயக் கூலி, தூய்மைப் பணி, சூளை, கட்டட வேலை ஆகியவற்றில் தேய்ந்த முழங்காலைத் தொழில்நோயாக அறிவிக்கக் கேட்போம். அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்களுக்கு அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியம் மூலம் கூலி இழப்பீடு கேட்போம். அரசு மானியத்தில் கட்டும் கழிப்பறைகளில், வேண்டுபவர்களுக்கு உட்காரும் வகைக் கோப்பை கேட்போம். எங்கள் வீட்டுக் கழிப்பறை 12,000 ரூபாய் மானியத்தில் கட்டியது. குந்தத்தான் முடியும். நின்றபடி தள்ளிக் களை எடுக்கும் கோனோவீடர் வரிசை நடவு வயல்களுக்கு எப்போதோ வந்துவிட்டது. அதைப் பெண்களின் கைக்கும் உயரத்துக்கும் ஏற்பச் செய்து கூட்டுறவுச் சங்கங்களில் வாடகைக்கு வைக்கக் கேட்போம். கூலிப் போராட்டக் கோரிக்கைகளில் முழங்காலும் ஒரு கோரிக்கையாக ஏற வேண்டும்.

தோழர்களே, கோரிக்கை நிறைவேறும்வரை வீட்டில் செய்யக்கூடியதும் இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் செட்டு மாத்திரைத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு போட்டிருந்தால் சட்டென நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் காட்டித்தான் குறைக்க வேண்டும். நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கிக் கழிப்பறையில் வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தை நம் பக்கம் இழுத்து, பத்து எண்ணும்வரை வைத்திருந்து இறக்கச் சொல்லுங்கள். காலைக்குப் பத்து முறை, மாலைக்குப் பத்து முறை. கூடவே உட்கார்ந்து நீங்களும் செய்யுங்கள். நாங்கள் அரசு மருத்துவமனையில் கற்றுக்கொண்டது இதைத்தான். அங்கே இருந்த எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் இதைச் செய்யுங்கள், அப்புறம் வாங்க, பேசுவோம் என்றார்.

மூன்று மாதம் ஆகிவிட்டது. அம்மாவின் முட்டி சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரவில் வலி எழுப்புவதில்லை. பேருந்து நிறுத்தம்வரை நிற்காமல் நடக்கிறார். களைக்குப் போவதில்லை, பருத்தி எடுக்க மட்டும் பாதி நாள் போகிறார். அந்த மீதிப் பாதி நாள் கூலி எங்கள் வீட்டில் குறைகிறது. வலி கூடினால் காப்பீட்டில் அறுவைச் சிகிச்சை என்று முடிவு செய்திருக்கிறோம்.

போன மாதம் நான் ஊரில் இருந்தபோது பண்ணை வீட்டுக்காரர் வேலைக்கு ஆள் கூப்பிட எங்கள் தெருவுக்கு வந்தார். அம்மா வாசலில் புது நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். அவரைக் கண்டதும் பழக்கத்தில் எழப் போனவர், பாதியில் நிறுத்தி மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

“முட்டி வலிங்க. எழுந்திருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

அவர் நின்றபடியே பேசிவிட்டுப் போனார். தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு அம்மா என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

“வலி சுத்தமா போனாலும் அவருகிட்ட சொல்லிடாத பாப்பா.”